பிளாஸ்டர் ஒட்டிய வீடு

அயர்லாந்துக்குப் போகிற நர்ஸ்கள் தங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மூன்று லிட்டர் குக்கர், சின்ன மிக்ஸி, ஆறு மாதத்துக்கான மாத்திரை, சர்டிபிகேட்டுகள் கைப்பையில், கம்பளி வேண்டாம், அங்கேயே கிடைக்கும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி அது என்னிடமும் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு மூடி வைத்தேன். எதை எடுத்தால் எனக்கு உதவும் என்று அது சொன்னது. எதை எடுத்தால் என் அண்ணனுக்கு வலிக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, மாடிப்படிக்குக் கீழே ஒரு குளியலறை. அதில் நான்கு பேர். அம்மா மாநகராட்சியில் தெரு கூட்டி ஓய்வு பெற்றவள். அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணி கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறாள். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். அப்பா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். வீட்டில் கரண்டில் ஓடுகிற பொருள் எல்லாமே நான் வாங்கிப் போட்டவை: பிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் இழுக்கிற மோட்டார், வைஃபை பெட்டி. கேஸ் கனெக்‌ஷனும் என் பெயரில்தான். இதையெல்லாம் நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்யும்வரை.

முதல் தடவை அயர்லாந்தில் வேலை கிடைத்ததும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். கொடுத்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வருவார். அவர் போன் செய்தபோது நான் ஒரு நோயாளியின் தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், எடுக்கவில்லை. அவர் நேராக வீட்டுக்கே போய்விட்டார். அங்கே யாரோ, அவள் இங்கே இல்லை, ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போய் ரொம்ப நாளாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முகவரியில் ஆள் இல்லை என்று எழுதிப் போய்விட்டது. பாஸ்போர்ட் நின்றது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தப் போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "நிம் மனெயவ்ரே ஹேளித்ரு, நானேன் மாட்லி சிஸ்டர்" என்றார். உங்கள் வீட்டு ஆட்களே சொன்னார்கள், நான் என்ன செய்யட்டும் என்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். தினம் இருபது வீடு ஏறி இறங்குகிறவருக்கு முகம் ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான். முந்தின வாரம்தான், "அவ்ளோ தூரம் எதுக்கு, இங்க இல்லாத ஆஸ்பத்திரியா?" என்று கேட்டவன் அவன். எனக்கு வேறு யார்மேலும் சந்தேகமே வரவில்லை.

"போலீஸ்காரர்கிட்ட நீதானே சொன்னே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதற்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவன் துண்டை மடித்துக் கொடியில் போட்டான். பிறகு, "ஆமா, நான்தான்" என்றான். ஏன் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுபடி விண்ணப்பித்து, பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, லீவு போட்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்து, பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் வேலை போய்விட்டது. என்னோடு தேர்வான மூன்று பேர் விமானம் ஏறினார்கள். குளிர் கோட்டு போட்டுக்கொண்டு அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, எனக்கு வரவேண்டிய கோட்டு அது என்று பல்லைக் கடித்தேன். அடுத்த வேலை கிடைத்துக் கிளம்புவதற்குள், அந்தச் சண்டை நடந்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிவிட்டது. அதுவரை அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சின்ன வீட்டில் ஒருவரோடு பேசாமல் இருப்பது லேசு இல்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் துணி ஊறவைப்பேன். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் கொட்டுவேன். அவன் நாசமாகப் போகவேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அம்மா கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி சோறு போடுவாள்.

ஆகவே இரண்டாவது வேலைக்குக் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். என்னுடையது என்று அந்த வீட்டில் ஒரு துரும்புகூட இருக்கக்கூடாது. அதோடு நிறுத்தப்போவதில்லை. அங்கே போய் ஒரு வருடத்தில் அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்வேன். மற்ற நர்ஸ்கள் அம்மாவை மூன்று மாதம் மூன்று மாதமாக அழைத்து வைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் சரியான அம்மா பிள்ளை. காலையில் அம்மா கட்டிக்கொடுக்கிற டிபன் டப்பா இல்லாமல் அவனுக்கு ஆட்டோ ஸ்டார்ட் ஆகாது. பிரிட்ஜும் மிக்ஸியும் போனால் வேறு வாங்குவான். அம்மா போனால் என்ன செய்வான்? நான் அந்த வீட்டிலிருந்து எடுத்துப்போக நினைத்ததிலேயே பெரியது அம்மாதான். அவளிடம் அதைச் சொன்னேன். "கூப்ட்டுக்கோ பாப்பா, வரேன்" என்று உடனே சொன்னாள். அவள் முகம் அன்று அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

ஊசி போட்ட கையில் தேதி எழுதி ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர் என் பையில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் அதை எடுத்தேன். 'எடு', 'கொடு', 'விடு' என்று மூன்றே வார்த்தை. ஒவ்வொரு பொருளின்மேலும் ஒரு துண்டு ஒட்டினேன். எடு என்றால் என்னோடு விமானத்தில் வரும். கொடு என்றால் வேறு யாருக்காவது போகும். விடு என்பதை அண்ணன் கட்டில்மேலும் சாமி படங்கள்மேலும் மட்டும் ஒட்டினேன். வேலை முடிந்து வந்த அண்ணி ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இந்த வூட்ல பிளாஸ்டர் இல்லாம இருக்கிறது நாங்க மட்டும்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதலில் மோட்டாரைக் கொடுத்தேன். எங்கள் சந்தில் காவேரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அதுவும் சன்னமாக. சின்ன மோட்டார் வைத்து இழுத்தால்தான் டிரம் நிறையும். எதிர்வீட்டு அக்காவுக்கும் அண்ணிக்கும் அந்தக் குழாய் விஷயத்தில்தான் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. நான் மோட்டாரைக் கழற்றி, துடைத்து, வயரைச் சுருட்டிக் கட்டி, எதிர்வீட்டு அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். "சும்னே குடுக்கறியா?" என்றாள். சும்மாத்தான் அக்கா என்றேன். அடுத்த தண்ணீர் நாளன்று எதிர்வீட்டில் மோட்டார் உறுமியது. எங்கள் குழாயில் நூல் மாதிரி ஒழுகியது. அண்ணி குடத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணிநேரம் நின்றாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்று அப்போது தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டேன். அண்ணனுக்குப் போய்ச் சேரவேண்டியது அண்ணி வழியாகத்தான் போய்ச் சேரும்.

பிரிட்ஜ் எங்கள் வார்டில் துடைக்கிற அக்காவுக்கு, பிரேசர் டவுனுக்குப் போயிற்று. அண்ணன் வெளியே போகும்வரை காத்திருந்து அவனுக்குத் தெரியாமல் கொடுக்கவில்லை. அவன் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்களை வரவழைத்தேன். அவனே எழுந்து கதவை அகலமாகத் திறந்து விட்டான். பிரிட்ஜ் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை.

பெட்டியை எடை போட எங்கள் சந்து முனையில் இருக்கிற குஜிரி கடைக்குத்தான் போனேன். பழைய பேப்பர், பிளாஸ்டிக் எடுக்கிற கடை. வெளிநாடு போகிற யாராக இருந்தாலும் அங்கே வந்துதான் பெட்டியை நிறுப்பார்கள், கடைக்காரர் காசு வாங்கமாட்டார். இருபத்துமூன்று கிலோதான் ஒரு பெட்டிக்கு. என்னுடையது இருபத்தேழு காட்டியது. அங்கேயே திறந்தேன். குக்கர், மிக்ஸி, இட்லிப் பானை, தோசைக்கல், இடுக்கி, பெரிய குழம்புக் கரண்டி. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், வேலைக்குப் போறீங்களா, வூட்டத் தூக்கினு போறீங்களா?" என்றார்.

எதையாவது எடுக்கவேண்டும். இட்லிப் பானையை எடுக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி. அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் அண்ணனுக்காக ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். என் நர்ஸிங் புத்தகங்களையும், புதிதாக வாங்கிய டூட்டி ஷூவையும், தோழிகள் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்த சால்வையையும் எடுத்து வெளியே வைத்தேன். இருபத்துமூன்று சரியாக நின்றது. அங்கே போன முதல் வாரம் கடன் வாங்கிய செருப்பில் வார்டில் நடந்தேன். ஒரு விரலில் கொப்புளம் பழுத்தது. அந்தத் தோசைக்கல்லை அங்குள்ள கண்ணாடி அடுப்பில் வைக்கவே முடியாது என்பதும் போன பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக கேஸ். அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். கனெக்‌ஷனை ஒப்படைப்பதென்றால் இரண்டு சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஏஜென்சிக்குப் போகவேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காலைச் சமையல் முடிந்ததும், சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்தேன். வெளி ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு வர வாசலுக்கு வந்தேன்.

அண்ணன் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து நிறைந்த சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தான். திரும்பி வந்து காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். ரெகுலேட்டருக்காகக் கையை நீட்டினான், கொடுத்தேன். கனெக்‌ஷன் புத்தகத்தையும் நான் எழுதி வைத்திருந்த கடிதத்தையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தன் வீட்டு அடுப்பை அணைக்கிற வேலையைத் தானே செய்யக் கிளம்பிவிட்டான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அவன் கத்துவான், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வான், நான் பதினாறு மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அவன் தலையில் கொட்டலாம் என்று இருந்தேன்.

ஆட்டோ சந்து திரும்பிப் போனதை அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன எதுக்கு இந்தப் பாடு படுத்தறே பாப்பா?" என்றாள்.

"அவன் எனக்குப் பண்ணதுக்கு."

"அவன் பண்ணல. போலீஸ்காரருக்குப் பதில் சொன்னது நானு."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபிறகும் அவள் அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மா சிலிண்டர் இருந்த இடத்தில் படிந்திருந்த துரு வட்டத்தைக் காலால் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு வந்து, பொண்ணு இருக்குதான்னு கேட்டாரு. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்காங்கன்னு இருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் எங்கூட இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். வாய்ல வந்துடுச்சு. பாஸ்போர்ட்டே நின்னுப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்."

"அப்ப அவன் ஏன் ஆமான்னு சொன்னான்?"

"நீ கத்தனதப் பாத்து நான் பயந்துட்டேன். என் மூஞ்சியப் பாத்துட்டு அவனா சொல்லிட்டான். நான் சொல்லச் சொல்லல பாப்பா. அப்புறம் நாள் போவப் போவ எனக்கு வாய் வரல."

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். வரவில்லை. அவன் நாசமாகப் போகட்டும் என்று நான் சொல்லச் சொல்ல இவள் கேட்டுக்கொண்டு சோறு போட்டாளே என்பதுதான் நினைவுக்கு வந்தது. நான் அவளை வெறுத்தேன். இத்தனை நாள் அண்ணன்மேல் இருந்தது இதில் பாதிகூட இல்லை. அண்ணன் செய்ததாக நினைத்தபோது அது ஒரு எதிரி செய்த காரியமாக இருந்தது. இப்போது என் தலையைத் தடவிக்கொண்டே ஒருத்தி செய்த காரியமாகிவிட்டது. அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். பெட்டியைப் பூட்டவேண்டும் என்று சொல்லி ஹாலுக்குப் போய்விட்டேன்.

அண்ணன் மத்தியானம் வந்தான். ஏஜென்சியில் கொடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டி, "இந்தா, பத்திரமா வெச்சிக்கோ" என்றான். பதினாறு மாதத்தில் அவன் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீ ஏன் அண்ணா சொல்லல?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். புரிந்துகொண்டான். "உன் கோவத்த நான் தாங்கிக்குவேன். அம்மா தாங்க மாட்டாங்க பாப்பா. அதான்."

பெட்டியைத் திறந்து மிக்ஸியையும் இட்லிப் பானையையும் எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் செய்கிற காரியம் அது. அண்ணி வாங்கிக்கொண்டாள். மோட்டாரை எதிர்வீட்டிலிருந்து திருப்பிக் கேட்க முடியுமா என்று யோசித்தேன், முடியாது. சாமி படங்களிலும் கட்டிலிலும் இருந்த பிளாஸ்டர்களை நகத்தால் உரித்தேன். சிலது பெயிண்ட்டோடு வந்துவிட்டது. அன்று மாலை எங்களுக்குச் சாப்பாடு ஹோட்டலிலிருந்து வந்தது. அண்ணன்தான் வாங்கி வந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா பரிமாற வந்தபோது, போதும் என்று கையால் இலையை மறைத்தேன்.

கிளம்பும் நாள் அண்ணன் ஆட்டோவிலேயே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கிருந்து ஏர்போர்ட் பஸ். அம்மாவும் கூட வந்தாள். என் கைப்பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவரங் தியேட்டர் பக்கத்து சிக்னலில் ஆட்டோ நின்றபோது, "என்ன எப்ப கூப்ட்டுக்குவே?" என்றாள். இரண்டு நாளாக அந்தக் கேள்வியை வாயிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"பார்க்கலாம்மா" என்றேன்.

மூன்று வருடமாகிறது. இங்கே மழை, வேலை, சம்பளம் எல்லாம் சொன்னபடிதான் இருக்கின்றன. அண்ணனோடு வாரம் இரண்டு தடவை பேசுகிறேன். போன வருடம் அவனே அம்மாவை அழைத்துப்போய் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். போலீஸ்காரர் வந்த அன்று ஆட்டோவை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தானாம். இனி வேண்டியது நான் எழுதவேண்டிய அழைப்புக் கடிதம் ஒன்றுதான். ஒரு பக்கம், என் கையெழுத்து, என் வீட்டு முகவரி. என்னோடு வேலை செய்கிற பெண்கள் அதை டீ இடைவேளையில் எழுதி முடித்துவிடுகிறார்கள். என் வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் வரும் நாட்களில் எனக்கு அம்மா வேண்டும், அம்மாதான் வேண்டும் என்று படுத்துக் கிடக்கிறேன். எழுந்ததும் எழுத மாட்டேன் என்றிருக்கிறது. ஒரு வருடம் என்னைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் ஒரு பொய் சொன்னாள். அவளை என்னோடு சேர்த்துக்கொள்ளாமல் இருக்க நான் வாரா வாரம் ஒன்று சொல்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். "ஆபீஸ்ல லெட்டர் இன்னும் குடுக்கலம்மா" என்றேன். "சரி பாப்பா, அவங்க குடுக்கும்போது குடுக்கட்டும்" என்றாள். அவளுக்குத் தெரியும்.